காலி எடை

மே 11, 2025. ஞாயிறு

திருப்பதி. ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி. ஜன்னலில் மலை. இருட்டினதும் நடைபாதை விளக்குகள் ஒரு கோடாக மேலே ஏறுகின்றன.

எடை 138.4. நர்ஸ் பொண்ணு நம்பாமல் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொன்னாள். பதினைந்து நாளாக வெறும் பவுடர் கஞ்சி. இன்று அதுவும் நிறுத்தம். பசி காதில் கேட்கிறது.

அம்மா போன். போன வருஷம் சென்னையில் எடை குறைக்கிற இதே ஆபரேஷனில் போய்விட்ட பையனைப் பற்றி மறுபடியும். 26 வயசு அவனுக்கு. எனக்கு 44. மச்சினன் போனை வாங்கி, "மந்திரி கட்கரி 2011லயே செஞ்சுகிட்டாரு அத்தை" என்றான். "அவருக்கு அவங்கம்மா தோசை ஊத்திப் போட்டாளா என்ன?" என்றாள்.

பதினொரு தோசை. என் ரெக்கார்டு. நான் எண்ணியதில்லை. அம்மா எண்ணியிருக்கிறாள். ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வாள்.

மே 13, செவ்வாய்

எழுத முடிகிறது. வயிற்றில் ஐந்து ஓட்டை. வலி அங்கே இல்லை, தோள்பட்டையில். உள்ளே அடைத்த வாயுவாம்.

கீழே தெருவில் பறை. கங்கம்மா ஜாத்திரை கடைசி நாள். வேஷம் கட்டினவர்கள் போகிறார்களாம். எழுந்து பார்க்கத் தெம்பில்லை.

தண்ணீர், மருந்து மூடியில் 30 மில்லி. குடித்து முடிக்கக் கால் மணி.

பசி இல்லை. இல்லவே இல்லை. ராத்திரி ஃபிரிட்ஜ் ஓடுவது திடீரென்று நின்றால் ஒரு நிசப்தம் வருமே, அப்படி. பயமாக இருக்கிறது.

மே 14, புதன்

டயட்டீஷியன் மேடம் படம் வரைந்து காட்டினார். முன்பு பை. இப்போது ஒரு வாழைப்பழம். முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்தாச்சு. ஓரம் முழுக்க ஸ்டேப்பிள். பசியைச் சுரக்கிற இடமும் பெரும்பாலும் அந்த முக்காலோடு போய்விட்டது. கிரெலின் என்று பேராம். இத்தனை வருஷம் என்னை ஓட ஓட விரட்டினவன் பேர் இன்றுதான் தெரிந்தது.

"கடுபு நிண்டிந்தா, வயிறு நெறஞ்சுதா இல்லையான்னு இப்ப தெரியாது. உள்ளே வீக்கம் இருக்கு. வயித்தைக் கேக்காதீங்க, அளவைக் கேளுங்க." ஒரு மாசம், ஒன்றரை மாசம் போனால் வயிறு தானே சொல்லுமாம். "ரொம்பச் சின்னக் குரல். சாலு அண்ட்டுந்தி. கவனிச்சாத்தான் கேக்கும்."

சாலு என்றால் போதும். சாலா என்றால் நிறைய. அரை எழுத்து வித்தியாசம். எனக்கு இதுவரை இரண்டாவதுதான் காதில் விழுந்திருக்கிறது.

மே 16, வெள்ளி

சித்தூர். வீடு. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் வயிற்றில் ஏறி இறங்கியது. காணிப்பாக்கம் வளைவு வந்ததும் என் மனைவி வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கும்பிட்டாள்.

அம்மா பரணிலிருந்து பாப்பாவின் பாலாடையைத் தேடி எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கிறது. ஆனால் பாலாடை சரியாக 30 மில்லி பிடிக்கிறது. மகள் குடித்த பாலாடையில் அப்பன் மோர்த்தண்ணி குடிக்கிறேன்.

மே 22, வியாழன்

பருப்புத் தண்ணி. வடிகட்டினது. பக்கத்தில் மற்றவர்களுக்கு அவள் ரசம் தாளித்தாள். கடுகு, பெருங்காயம். அழுதுவிட்டேன். பசிக்கவில்லை, ஆனாலும் அழுகை. எதற்கு என்று அவள் கேட்டாள். வெங்காயம் என்றேன். வீட்டில் யாரும் வெங்காயம் உரிக்கவில்லை.

மே 30, வெள்ளி

குழைய வேகவைத்து மசித்தது எல்லாம் சாப்பிடலாம். கேழ்வரகுக் கூழ், பருப்பு மசியல், முட்டை மசித்தது. குட்டி ஸ்பூன். ஸ்பூனுக்கும் ஸ்பூனுக்கும் நடுவே கடிகாரம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி முன்னே, அரை மணி பின்னே.

ஆறு ஸ்பூன். நிறைந்ததா? தெரியவில்லை. ஏழு. தெரியவில்லை. அவள் கிண்ணத்தை எடுத்துவிட்டாள். கோபம் வந்தது. பசி இல்லாதவனுக்கு எதற்குக் கோபம்?

ஜூன் 2, திங்கள்

லாரி எடை மேடைக்கு, வேலைக்குப் போனேன். மூன்று வாரம் கழித்து. வயிற்றுக்கும் மேஜைக்கும் நடுவே ஒரு கை போகிற இடைவெளி.

மதியம் வண்டி இல்லாத நேரம். யாரும் பார்க்கவில்லை. மேடை மேல் போய் நின்றேன். பையனை உள்ளே பார்க்கச் சொன்னேன். 130. லாரி மேடை, பத்துப் பத்தாகத்தான் காட்டும். இரண்டு வருஷமாக அது 140 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, லோடா காலியா?" என்றான் பையன். எடைச் சீட்டு வேண்டுமா என்றும் கேட்டான். உதை வாங்குவான்.

ஜூன் 8, ஞாயிறு

மச்சினன் வந்தான். முகம் சரியில்லை. கர்நாடகா மாங்காய் லாரியை எல்லையிலேயே நிறுத்த உத்தரவாம். "அது நின்னாலும் நம்ம காய்க்கு வெலை இல்ல மாமா. போன வருஷத்துக் கூழே ஃபேக்டரியில டின் டின்னா நிக்குது."

அவனுக்கு அம்மா ஆட்டுக்கறி போட்டாள். "போதும் அத்தை" என்றான். ஒரு கரண்டி விழுந்தது. "போதும்" என்றான். இன்னொன்று. எங்கள் வீட்டில் போதும் என்றால் நிறுத்து என்று அர்த்தமில்லை. அது பேரத்தின் முதல் விலை.

நான் என்றைக்காவது அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேனா? யோசித்துப் பார்த்தேன். தட்டு காலியானால் எனக்கு நிறைந்தது. பந்தி எழுந்தால் நிறைந்தது. சட்டி வழித்தாச்சு என்றால் நிறைந்தது. வயிற்றிடம் யார் கேட்டார்கள்?

ஜூன் 11, புதன்

இன்று செத்தேன் என்று நினைத்தேன்.

இட்லி. அரை இட்லிதான். டிராக்டர்காரனோடு போனில் சண்டை. பேசிக்கொண்டே விழுங்கிவிட்டேன். மெல்லவில்லை. நெஞ்சின் நடுவில் கல் வைத்த மாதிரி. கீழேயும் போகவில்லை மேலேயும் வரவில்லை. வாயில் எச்சில் ஊறி ஊறி நுரை. ஹார்ட் அட்டாக் என்று நினைத்துக் கை கால் சில்லிட்டது. பின்னால் போய் நின்று நுரை நுரையாகத் துப்பினேன். இருபது நிமிஷம். பிறகு அந்த அரை இட்லி அப்படியே வந்தது. பல் படாத அரை இட்லி.

வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது. பையன் பயந்துபோய் சோடா வாங்கி வந்தான். சோடா கூடாது. அதையும் அவனிடம் சொல்லத் தெம்பில்லை.

ஜூன் 12, வியாழன்

மேடத்துக்குப் போன். திட்டவில்லை. நெஞ்சுக்குழியில் கல் வருகிறது என்றால் ரொம்ப லேட்டாம். அதற்கு முன்னாடி விக்கல் வரும், இல்லை தும்மல், இல்லை மூக்கு ஒழுகும். ஆளுக்கு ஆள் வேறயாம். அதற்கும் முன்னாடி ஒன்று உண்டு, அதை நீங்களேதான் கண்டுபிடிக்கணும் என்றார். ஒரு வாய், இருபத்தைந்து தடவை மெல்லணும். ஸ்பூனைக் கீழே வைக்கணும். பேசக் கூடாது. போன் கூடாது.

44 வயசில் சாப்பிடக் கற்றுக்கொள்கிறேன்.

ஜூன் 18, புதன்

தும்மினேன்!

ராத்திரி, பருப்பு மசியலும் மசித்த கத்தரிக்காயும். எட்டாவது ஸ்பூன். ஒரே தும்மல், பெரியது. மிளகாய் நெடி என்று நினைத்தேன். ஒன்பதாவது ஸ்பூன் வாயருகே போனது. மூக்கில் தண்ணீர். வைத்துவிட்டேன்.

அம்மா "நூறாயுசு" என்றாள். அதே மூச்சில் இன்னொரு கரண்டி மசியல் போட வந்தாள். மனைவி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு பேரும் ராத்திரி பேசிக்கொள்ளவில்லை.

ஜூன் 19, வியாழன்

தும்மல் வரவில்லை. விக்கல். ஒன்றே ஒன்று. கணக்கில் சேர்க்கலாமா?

ஜூன் 21, சனி

தும்மல். ஏழாவது ஸ்பூன். பாப்பா கை தட்டினாள். "அப்பா ஃபுல்!" பெட்ரோல் பங்கில் வேலை செய்கிற மாதிரி.

அம்மா "நூறாயுசு". கரண்டி வந்தது. அம்மா!

ஜூன் 24, செவ்வாய்

ரோட்டில் டிராக்டர் வரிசை, கண்ணுக்கு எட்டிய தூரம். மாங்கூழ் ஃபேக்டரி கேட் மூடிக்கிடக்கிறது. நேற்று ராத்திரி எடை போட்டவன் இன்று மதியமும் அதே இடத்தில் நிற்கிறான். எடைச் சீட்டு எழுதிய மை வெயிலில் வெளுத்துவிட்டது. கிலோவுக்கு ஃபேக்டரி 8 ரூபாய், சர்க்கார் 4 ரூபாய் என்று அறிவிப்பு. கையில் வருவது அது இல்லை என்கிறான் மச்சினன்.

உள்ளே இடமில்லை, இனி எடுக்க முடியாது என்கிறார்கள் கேட்டில். வெளியே வாங்கிக்கோ வாங்கிக்கோ என்று தோத்தாபுரி மாங்காய் மலை. இரண்டு பக்கமும் நியாயம் மாதிரி இருந்தது எனக்கு. இதை அவனிடம் சொல்லக் கூடாது.

வெயிலில் பழுத்து நாறும் வாசனை. தலை சுற்றியது. ஆறு ஸ்பூன் தயிர்சாதம். தும்மல். சரி.

ஜூன் 29, ஞாயிறு

ஒரு தப்பு கண்டுபிடித்தேன். இல்லை, திருட்டு.

மிக்சர். டி.வி. பார்த்தபடி ஒவ்வொன்றாக. அரை மணி நேரத்தில் பொட்டலம் பாதி போய்விட்டது. தும்மல் இல்லை. விக்கல் இல்லை. கல் இல்லை. கரைந்து கரைந்து வழுக்கிக்கொண்டு போகிறது. கேட்கவே கேட்காது. ஆறேழு ஸ்பூனுக்கு அடங்குகிற வயிறு அரைப் பொட்டலம் மிக்சருக்கு வாயே திறக்கவில்லை.

முதலில் சந்தோஷம். அப்புறம் பயம். பொட்டலத்தை மடித்து ஷர்ட்டுக்கு அடியில் ஒளித்தேன். 44 வயசு.

ஜூலை 3, வியாழன்

மாம்பழச்சாறு. மச்சினன் மரத்துப் பழம், சும்மா கிடக்கிறதே என்று. ஒரு டம்ளர், மளமளவென்று. தொண்டைக்குத் தெரியும் அந்தச் சுகம். அப்படியே படுத்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. வேர்வை. கை நடுக்கம். சர்க்கரை ஒரேயடியாக உள்ளே இறங்கினால் இப்படித்தானாம். முக்கால் மணி கூரையைப் பார்த்தபடி.

அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து பழைய கதையைச் சொன்னாள். சங்கன், லிகிதன், அண்ணன் தம்பி. பசி தாங்காமல் தம்பி அடுத்தவன் தோப்பில் ஒரு மாம்பழம் பறித்துத் தின்றான். அண்ணனே ராஜாவிடம் சொன்னான். கையை வெட்டினார்கள். காணிப்பாக்கத்து ஆற்றில் முழுகினதும் கை திரும்ப வந்தது. கை தந்ததால்தான் அது பாஹுதா நதி.

"ஒரு மாம்பழத்துக்கு" என்றாள். என்னைச் சொன்னாளா, மச்சினன் தோப்பைச் சொன்னாளா, தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

பங்காருபாளையத்துக்கு முன்னாள் முதல்வர் ஜகன் வந்தார். ரோடெல்லாம் மாங்காய் கொட்டிக்கிடந்தது, மிதித்துக் கூழாகி. வேலை இல்லை. மேடை காலி.

மச்சினன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். "பசிக்கல மாமா." அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தால் மருத்துவம். அவன் வாயிலிருந்து வந்தால் வேறு.

நான் மூன்று ஸ்பூன்தான். தும்மல் வரவில்லை. வேறு எதுவோ அடைத்தது.

ஜூலை 13, ஞாயிறு

வேலூர், பெரியப்பா பேத்தி கல்யாணம். இரண்டாம் பந்தி.

இலை. அந்தப் பச்சையைப் பார்த்ததும் வாயில் நீர். பசி வயிற்றில் இல்லை, கண்ணில் இருக்கிறது. நாக்கில் இருக்கிறது. கையில் இருக்கிறது. அதையெல்லாம் வெட்டி எடுக்க முடியாது போல.

பருப்பு, பொரியலில் இரண்டு வாய், ஒரு வாய் சாம்பார் சாதம். தும்மல். பக்கத்தில் மாமா, "ஒடம்பு சரியில்லையா? இலையை அப்படியே வெச்சிருக்கே?" எதிர் வரிசை முழுக்க என் இலையையே பார்க்கிற மாதிரி. பாயசம் ஊற்ற வந்தவனைக் கையை நீட்டி மறித்தேன். கை மேலேயே ஊற்றிவிட்டான்.

பந்தி முடிய இருபது நிமிஷம். மடிக்கவும் முடியாது, எழவும் முடியாது. முன்பெல்லாம் எல்லாரும் எனக்காகக் காத்திருப்பார்கள்.

வழியெல்லாம் பேசவில்லை. எதற்கு இந்த ஆபரேஷன்? எனக்கு இருந்த ஒரே சந்தோஷம். ஒரே பேர். "சாப்பிட்டா அவனை மாதிரி சாப்பிடணும்" என்பார்கள்.

ஜூலை 14, திங்கள்

நேற்று எழுதினதைப் படித்தேன். பொய். படியேறினால் மூச்சு வாங்கினதே, அது சந்தோஷமா? ராத்திரி மூச்சு நின்று நின்று வரும் என்று அவள் விழித்துக்கொண்டு கிடந்தாளே, அது?

இப்போது குறட்டை இல்லையாம். பழக்கம் விட்டுப்போய், சத்தம் கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம்.

ஜூலை 28, திங்கள்

திருப்பதி, செக்கப். 117.2. ரத்தத்தில் பி12 குறைவு. ஊசி. புரோட்டீன் ஒரு நாளைக்கு 60 கிராம் வரவேண்டும், 40கூட வரவில்லை. முதலில் முட்டை, பருப்பு, பனீர், கோழி. இடம் இருந்தால் சோறு. சோறு கடைசி. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

"தும்மல் வந்ததும் நிறுத்துறேன் மேடம்" என்றேன், பெருமையாக. "தும்மலுக்கு முன்னாடி எப்ப?" என்றார். திரும்பத் திரும்ப அதே கேள்வி.

ஆகஸ்ட் 4, திங்கள்

சீப்பில் முடி. தலையணையில் முடி. மூன்று மாசத்தில் கொட்டும், திரும்ப முளைக்கும் என்று முதலிலேயே சொன்னார்கள். சொன்னது வேறு, சீப்பைப் பார்ப்பது வேறு.

"எப்படியும் போறது. பெருமாளுக்குக் குடுத்தா புண்ணியமாவது வரும்" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோழிக்குழம்பு, கேழ்வரகுக் களி. களி நெல்லிக்காய் அளவு. இன்று ஸ்பூனை வைத்துவிட்டுக் கவனித்தேன். ஐந்தாவது வாயில் ஒரு பெருமூச்சு வந்தது. வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போது வருமே, அது. அதற்குப் பிறகு ஆறாவது வாய், ருசி கொஞ்சம் மங்கல். ஏழாவது வாய், தும்மல்.

அந்தப் பெருமூச்சுதானா? நாளைக்குப் பார்க்கவேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பெருமூச்சு இல்லை. கவனித்துக்கொண்டிருந்தால் வரமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

வந்தது. நாலாவது வாய், முட்டை. நிறுத்திவிட்டேன். தும்மல் வரவில்லை. நாலு மணிக்கெல்லாம் பசித்தது. பசியா, அமிலமா? அரை டம்ளர் மோர். குழப்பம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அலிபிரியிலிருந்து நடந்து ஏறினேன்.

3550 படி. விடியற்காலை நாலரைக்கு ஆரம்பித்தோம். காலி கோபுரத்தில் உட்கார்ந்தேன். மான் பூங்காவில் உட்கார்ந்தேன். முழங்கால் படியில் அவள் "வண்டியில போயிடலாமா?" என்றாள். ராமானுஜர் முழங்காலாலேயே ஏறின இடம் என்பார்கள். நான் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். பதினொன்றே முக்கால். அழவில்லை. அவள் அழுதாள்.

கல்யாணகட்டாவில் மொட்டை. நாவிதர் ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டார். சீப்புப் பிரச்சினை தீர்ந்தது.

தரிசனம் முடிந்து வெங்கமாம்பா அன்னப்பிரசாதம். 1985ல் நித்ய அன்னதானம் தொடங்கின வருஷமே அம்மா வந்து சாப்பிட்டிருக்கிறாளாம். இப்போது வடையும் போடுகிறார்கள். கூடம் கொள்ளாத கூட்டம், கோவிந்தா கோவிந்தா. வாளி வந்தது. பிரசாதத்தை வேண்டாம் என்பதா? மீதி வைப்பதா? பாவம் இல்லையா? வேர்த்தது. வாளிக்காரரைப் பார்த்து "கொஞ்செம் சாலு சாமி" என்றேன். ஒரு கைப்பிடி போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அவ்வளவுதான். மறு கரண்டி இல்லை. ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

இத்தனை சுலபமா?

இலவச லட்டு ஆளுக்கொன்று. முன்பு மலை இறங்குவதற்குள் இரண்டு தீர்ந்துவிடும். இன்று ஒரு முந்திரி. இன்னும் ஒரு முந்திரி. படபடப்பு வந்துவிடுமோ என்று மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

தொடை இரண்டும் தூண். கக்கூஸில் உட்கார முடியவில்லை. ஆனாலும் சிரிப்பு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காணிப்பாக்கம். பிரம்மோற்சவத்துக்கு முன்னாடியே போய்விடலாம் என்று. பிள்ளையார் வளர்ந்துகொண்டே இருக்கிறார், பல வருஷத்துக்கு முன்னால் செய்த வெள்ளிக் கவசம் இப்போது அவருக்குச் சேருவதில்லை என்பார்கள். நான் பழைய பேண்ட்டை பெல்ட்டில் புது ஓட்டை போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். "ரெண்டு பேருக்கும் தையக்கூலிதான்" என்றாள் அவள்.

இங்கே பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் தைரியம் வராது. மிக்சர் விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஜூனிலேயே தெரியுமாம்.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி

காலை மேடையில் நின்றேன். 110. பையன் இம்முறை ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா கொழுக்கட்டை செய்தாள். தேங்காய்ப் பூரணம். என் தட்டில் இரண்டு வைத்தாள். முன்பு இருபது.

முதலாவதைப் பத்து நிமிஷம் சாப்பிட்டேன். இரண்டாவதில் பாதி. பெருமூச்சு. கையைத் தட்டிலிருந்து எடுத்தேன்.

அம்மா கரண்டியோடு நின்றுகொண்டு தும்மலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. "தும்மவே இல்லையே நைனா?"

"போதும்மா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். தட்டில் இருந்த அரைக் கொழுக்கட்டையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தட்டைக் கழுவப் போய்விட்டாள்.